10 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அமெரிக்க–சீன வர்த்தகப் பூசலும் சிங்கப்பூரும்

அமெரிக்காவிலிருந்து வரும் பொருள்களுக்குச் சிங்கப்பூர் இறக்குமதி வரி விதிப்பதில்லை. இரு நாடுகளுக்கும் இடையிலான தாராள வர்த்தக உடன்பாடு 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கா நம்மிடம் வாங்குவதைவிட நமக்கு விற்பதே அதிகம். இவ்வளவும் இருந்தும், 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அதிபர் டோனல்ட் டிரம்ப் வெளியிட்ட வரிப் பட்டியல் சிங்கப்பூரையும் விட்டுவைக்கவில்லை. நம் பொருள்களுக்கு 10 விழுக்காடு விதிக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் வர்த்தக, தொழில் அமைச்சு அவ்வாண்டின் வளர்ச்சி முன்னுரைப்பை 0 முதல் 2 விழுக்காட்டுக்குக் குறைத்தது. அதே அமைச்சு நவம்பரில் அதை ஏறத்தாழ 4 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. வரியும் வந்தது, வளர்ச்சியும் வந்தது என்றால் எதை நம்புவது என்று வாசகர்கள் குழம்புவது இயல்பே.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நம் கவனம் முழுவதும் விகிதத்தின்மேல் இருப்பதுதான். 10 விழுக்காடு சிங்கப்பூர் தாங்கக்கூடிய சுமையாகவே இருந்தது. அந்த எண்ணைக் கையெழுத்திட்ட உடன்பாட்டையும் மீறி ஒரு நாடு தானாகவே எழுதிக்கொள்ள முடிந்தது என்பதே நமக்குப் பெரிய செய்தி. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வரியைக் கட்டுபவர் யார்

இறக்குமதி வரியை விற்கும் நாடு செலுத்துகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதைச் செலுத்துபவர் வாங்கும் நாட்டின் இறக்குமதியாளர். திருப்பூரில் தைத்த பின்னலாடைகள் நியூயார்க்கில் இறங்கும்போது, அவற்றை வரவழைத்த அமெரிக்க நிறுவனமே அந்நாட்டுச் சுங்கத்துறையிடம் பணம் கட்டிச் சரக்கை எடுக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காடானது. 5 டாலருக்கு வாங்கிய ஓர் ஆடைக்கு, ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் இரண்டரை டாலர் சேர்ந்தது. அந்தத் தொகை கடைசியில் நான்கு வழிகளில் இறங்கலாம்:

1. இறக்குமதியாளர் தன் லாபத்தைக் குறைத்துக்கொள்கிறார்.
2. கடை விலை ஏறி, வாங்குபவர் சுமக்கிறார்.
3. ஏற்றுமதியாளர் விலையைக் குறைத்துத் தருகிறார்.
4. கொள்முதல் ஆணை வரி குறைவான வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் சீனப் பொருள்களுக்கு விதிக்கப்பட்ட வரிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள்மீதும் வாடிக்கையாளர்கள்மீதுமே விழுந்ததாகக் கண்டனர். ஆனால் திருப்பூரில் ஒரு தொழிற்கூடத்தின் தையல் இயந்திரங்களை நிறுத்துவது நான்காவது வழி. வரியை எதிரி நாடு கட்டவில்லை என்பதால் அந்நாட்டுத் தொழிலாளிக்கு வலிக்கவில்லை என்று பொருளாகாது.

எல்லாருக்கும் ஒரே விகிதம்

காட் (GATT) எனப்படும் 1947ஆம் ஆண்டின் வரி, வர்த்தகப் பொது உடன்பாட்டின்மீதும், அதன் தொடர்ச்சியாக 1995 ஜனவரி 1ஆம் தேதி பிறந்த உலக வர்த்தக நிறுவனத்தின்மீதும்தான் நாம் அறிந்த உலக வணிகம் நிற்கிறது. அதன் முதல் விதி, ஓர் உறுப்பு நாட்டுக்குத் தரும் வரி விகிதத்தை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்பது. தாராள வர்த்தக உடன்பாடு செய்துகொள்வோர் தங்களுக்குள் அதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். யாரையும் தனியாகப் பொறுக்கி உயர்த்த முடியாது. இரண்டாவது விதி, இந்தப் பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் வரி விதிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் உச்சவரம்பு.

பேரம் பேசும் வலு இல்லாத நாட்டுக்கு இவ்விரு விதிகளும் என்ன தந்தன என்பதை இப்போதுதான் நாம் முழுமையாக உணர்கிறோம். அமெரிக்காவும் ஜப்பானும் மோதிப் பெற்ற சலுகை, கேட்காமலே சிங்கப்பூருக்கும் கிடைத்தது. அதனால்தான் இந்த அமைப்பைக் கட்டுவதில் சிங்கப்பூர் தன் அளவுக்கு மீறி உழைத்தது. உலக வர்த்தக நிறுவனத்தின் பொது மன்றத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் சிங்கப்பூர்த் தூதர் கே. கேசவபாணி. அந்நிறுவனத்தின் முதல் அமைச்சர்நிலை மாநாடு 1996 டிசம்பரில் சிங்கப்பூரில்தான் நடந்தது. கணினி, தொலைத்தொடர்புக் கருவிகள், சில்லுகள் ஆகியவற்றின்மீதான வரியை அகற்ற வழிவகுத்த தகவல் தொழில்நுட்ப உடன்பாடு அங்கே பிறந்தது. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் வட்டாரங்களின் சில்லு ஆலைகள் அதன் நிழலில் வளர்ந்தவை.

2001 டிசம்பர் 11ஆம் தேதி சீனா இந்த அமைப்பில் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது உலகின் தொழிற்கூடமாக உயர்ந்தபோது, அமெரிக்கத் தொழில் நகரங்கள் பல வேலைகளை இழந்தன. அரசாங்க மானியம், அரசு நிறுவனங்களின் ஆதிக்கம், உள்ளே வரும் நிறுவனங்களிடமிருந்து தொழில்நுட்பத்தைப் பறித்தல் ஆகியவை வாஷிங்டனின் நெடுநாள் குற்றச்சாட்டுகள். தன் வளர்ச்சியைத் தடுப்பதே அமெரிக்காவின் உள்நோக்கம் என்பது பெய்ஜிங்கின் பதில். அமெரிக்காவின் மனக்குறையில் உண்மை இருக்கிறது என்றே இக்கட்டுரை கருதுகிறது. அதற்கு அது தேர்ந்தெடுத்த மருந்துதான் சம்பந்தமில்லாதவர்களையும் தாக்குகிறது.

விதி மீறப்பட்டால் எங்கே முறையிடுவது? உலக வர்த்தக நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பில் 7 நடுவர்கள் இருக்க வேண்டும்; ஒரு வழக்கை விசாரிக்க 3 பேர் தேவை. புதிய நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரில் அந்த எண்ணிக்கைகூட இல்லாமல் போய், அமைப்பு முடங்கியது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், வழக்கு அந்தரத்தில் தொங்கும். இடைக்கால ஏற்பாடாகச் சில உறுப்பினர்கள் 2020ல் தங்களுக்குள் ஒரு நடுவர் முறையை ஏற்படுத்தினர். சிங்கப்பூரும் சீனாவும் அதில் உள்ளன, அமெரிக்கா இல்லை.

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால்

2025 ஏப்ரல் பட்டியலுக்கு வெள்ளை மாளிகை சூட்டிய பெயர் பதிலடி வரி. பெயரைப் பார்த்தால், மற்ற நாடுகள் விதிக்கும் வரியை அளந்து அதற்கு ஈடாக விதித்தது போலத் தோன்றும். கணக்கு அப்படிப் போடப்படவில்லை. ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு உள்ள சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை, அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதியின் மதிப்பால் வகுத்து, கிடைத்ததில் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

சீனாவுக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024ல் அமெரிக்கா சீனாவிடமிருந்து ஏறத்தாழ 439 பில்லியன் டாலருக்கு வாங்கியது. பற்றாக்குறை ஏறத்தாழ 295 பில்லியன். வகுத்தால் 67 விழுக்காடு. அதில் பாதி 34. பட்டியலில் சீனாவுக்கு எழுதப்பட்டிருந்ததும் 34தான். வியட்னாமுக்கு 46, கம்போடியாவுக்கு 49 என்ற எண்களும் இதே வழியில் வந்தவை. அந்நாடுகள் அமெரிக்கப் பொருள்களுக்கு உண்மையில் எவ்வளவு வரி விதிக்கின்றன என்ற கேள்வி இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் எழவில்லை. மென்பொருள், நிதி, கல்வி போன்ற சேவைகளில் அமெரிக்கா ஈட்டும் உபரியும் சேர்க்கப்படவில்லை.

சிங்கப்பூருடன் அமெரிக்காவுக்குப் பற்றாக்குறையே கிடையாது, உபரிதான். சூத்திரத்தின்படி நமக்கு வரி விழக்கூடாது. ஆனால் எவருக்கும் 10 விழுக்காட்டுக்குக் குறைவில்லை என்று ஓர் அடித்தளம் போடப்பட்டிருந்தது. நம் 10 அந்த அடித்தளம். வரிகள் மெய்யாகவே பதிலடியாக இருந்திருந்தால் சிங்கப்பூருக்கான விகிதம் சுழியமாக இருந்திருக்கும் என்று பிரதமர் லாரன்ஸ் வோங் ஏப்ரல் 8ஆம் தேதி நாடாளுமன்றத்தில் சுட்டிக்காட்டினார். உடன்பாட்டின்படி எதிர்வரி விதிக்கும் உரிமை இருந்தும் சிங்கப்பூர் அதைப் பயன்படுத்தவில்லை. நாம் விதிக்கும் வரியை நம் மக்களும் நம் தொழிற்கூடங்களும்தானே கட்ட வேண்டியிருக்கும். வரியைக் கட்டுபவர் யார் என்று முதலில் கண்ட கணக்கு இங்கும் பொருந்தும்.

வாஷிங்டனின் சட்டக் கதவுகள்

அமெரிக்க வரிச் செய்திகளைப் படிக்கும்போது விகிதத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியது, அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பது.

1. 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டம், 301ஆம் பிரிவு. ஒரு நாட்டின் நியாயமற்ற நடைமுறையை விசாரித்து வரி விதிக்கலாம். 2018ல் சீனாவுக்கு எதிராகத் திறக்கப்பட்டது இந்தக் கதவு. ஆட்சி மாறி அதிபர் ஜோ பைடன் வந்த பிறகும் அந்த வரிகள் நீடித்தன.

2. 1962ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டம், 232ஆம் பிரிவு. தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நாட்டைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து விதிப்பது. எஃகு, அலுமினியத்துக்கான வரி 2025 ஜூனில் 50 விழுக்காடானது இதன்படிதான். மருந்துகளும் சில்லுகளும் இதே பிரிவின் கீழ் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டன.

3. 1977ஆம் ஆண்டின் அனைத்துலக நெருக்கடிநிலைப் பொருளியல் அதிகாரச் சட்டம். 2025 ஏப்ரல் பட்டியல் இதன்மீது நின்றது. இச்சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம். அமெரிக்க அனைத்துலக வர்த்தக நீதிமன்றம் 2025 மே மாதம் அதை ஏற்றது. மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது.

சிங்கப்பூருக்கு உண்மையான கவலை தரக்கூடியது இரண்டாவது கதவு. மருந்தும் சில்லும் நம் உற்பத்தித் துறையின் இரு தூண்கள். உலகில் தயாராகும் சில்லுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து வருகிறது. சில்லு தயாரிக்கும் இயந்திரங்களில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே உருவாகிறது.

34இலிருந்து 145 வரை, மீண்டும் கீழே

2018 ஜூலை 6ஆம் தேதி, 34 பில்லியன் டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி என்று தொடங்கிய பூசல், 2020 ஜனவரியில் முதற்கட்ட உடன்பாட்டுடன் சற்று ஓய்ந்தது. அமெரிக்கப் பொருள்களைக் கூடுதலாக 200 பில்லியன் டாலருக்கு வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

2025ல் வேகம் வேறு. ஏப்ரலில் சில நாள்களுக்குள் அமெரிக்க வரி 145 விழுக்காட்டுக்கும் சீன வரி 125 விழுக்காட்டுக்கும் ஏறின. அந்த உயரத்தில் வரி என்பது வரியாக இருப்பதில்லை, தடையாகிவிடுகிறது. மே 12ஆம் தேதி ஜெனீவாவில் இருதரப்பும் முறையே 30க்கும் 10க்கும் இறங்கி வந்தன. அக்டோபரில் மறுபடியும் முற்றிய பூசலை, அம்மாதம் 30ஆம் தேதி தென்கொரியாவின் பூசானில் அதிபர்கள் டிரம்ப்பும் சி ஜின்பிங்கும் சந்தித்துத் தணித்தனர். ஆறு மாத காலத்தில் இத்தனை ஏற்ற இறக்கங்கள். ஆறு வாரம் கடலில் செல்லும் ஒரு கப்பல், புறப்பட்டபோது இருந்த வரி சேரும்போதும் இருக்குமா என்று தெரியாமல் பயணம் செய்தது.

வரியைவிடக் கூர்மையான ஆயுதம்

எந்தப் பக்கத்தை எது இறங்கி வரச் செய்தது என்று பார்த்தால்தான் இப்பூசலின் உள்ளமைப்பு புலப்படும்.

அமெரிக்காவின் கையில் சில்லுத் தொழில்நுட்பம் இருக்கிறது. 2019 மே மாதம் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவெய் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020ல் விதி மேலும் இறுக்கப்பட்டது: அமெரிக்கத் தொழில்நுட்பத்தையோ கருவியையோ கொண்டு உலகின் எந்த மூலையில் தயாரித்தாலும், அந்தச் சில்லை ஹுவாவெய்க்கு விற்க வாஷிங்டனின் அனுமதி வேண்டும். 2022 அக்டோபர் 7ஆம் தேதி இந்தக் கட்டுப்பாடு உயர்நிலைச் சில்லுகளுக்கும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளுக்கும் சீனா முழுமைக்குமாக விரிந்தது.

சீனாவின் கையில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. பெயரில்தான் அரிது, பூமியில் அவை பரவலாகவே கிடைக்கின்றன. அரிதாக இருப்பது அவற்றைப் பிரித்துச் சுத்திகரிக்கும் திறன். சுற்றுச்சூழல் கேடு மிகுந்த, லாபம் குறைந்த அந்த வேலையை மற்ற நாடுகள் பல ஆண்டுகளாகச் சீனாவிடம் விட்டுவிட்டன. இன்று உலகச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கே நடக்கிறது. 2025 ஏப்ரல் 4ஆம் தேதி, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 தனிமங்களையும் அவற்றால் ஆன காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும் என்று சீனா அறிவித்தது. மின்வாகன மோட்டார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றிலும் அந்தக் காந்தங்கள் உள்ளன. மே மாதம் சிகாகோவில் உள்ள ஃபோர்டு ஆலை காந்தம் கிடைக்காமல் ஒரு வாரம் உற்பத்தியை நிறுத்தியது. 145 விழுக்காட்டு வரி பேச்சுவார்த்தைக்கு வந்ததில் இந்தக் காந்தங்களின் பங்கு பெரிது.

அக்டோபர் 9ஆம் தேதி பெய்ஜிங் இன்னும் ஒரு படி ஏறியது. வெளிநாட்டில் தயாரான பொருளாக இருந்தாலும், அதன் மதிப்பில் 0.1 விழுக்காடு சீன அரிய மண் தனிமம் இருந்தால் சீனாவின் அனுமதி தேவை என்றது அந்த அறிவிப்பு. ஹுவாவெய்க்கு எதிராக அமெரிக்கா எழுதிய விதியின் அச்சுப் படி இது. தன் எல்லைக்கு வெளியே, மூன்றாம் நாட்டின் தொழிற்கூடத்தில் நடப்பதற்கும் தன் சட்டம் செல்லும் என்று இப்போது இரு வல்லரசுகளும் சொல்கின்றன. பூசானில் இந்த விதி ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை.

இரு பக்கமும் விதி எழுதும்போது நடுவில் இருப்பவர் கதி என்னவாகும் என்பதற்கு நெக்ஸ்பீரியா ஓர் எடுத்துக்காட்டு. நெதர்லாந்தில் தலைமையகம் கொண்ட, சீன உரிமையாளருக்குச் சொந்தமான சில்லு நிறுவனம் அது. 2025 செப்டம்பர் இறுதியில் நெதர்லாந்து அரசாங்கம் அதன் நிர்வாகத்தில் தலையிட்டது. உடனே சீனா, அங்குள்ள ஆலையிலிருந்து அந்நிறுவனத்தின் சில்லுகள் வெளியேறுவதைத் தடுத்தது. மிகச் சாதாரணமான, மலிவான சில்லுகள்தாம். ஆனால் அவை இல்லாமல் கார் நகராது. ஐரோப்பிய, ஜப்பானிய கார் நிறுவனங்கள் உற்பத்தி நின்றுபோகும் அச்சத்தில் தவித்தன.

பகைத்துக்கொண்டும் வணிகம் ஏன் நிற்பதில்லை

இவ்வளவு மோதலுக்கு நடுவிலும் அமெரிக்க–சீனச் சரக்கு வணிகம் 2022ல் 690 பில்லியன் டாலரைத் தொட்டு உச்சம் கண்டது. ஒருவரின் ஆலைக்கு மற்றவரின் பாகம் தேவைப்படும்வரை உறவு முறியாது. பூசான் இணக்கத்தின் பெரும்பகுதி இந்தத் தேவைகளின் பட்டியல்தான். 2025 செப்டம்பரில் அமெரிக்காவிடமிருந்து ஒரு கப்பல் சோயா மொச்சைகூட வாங்காமல் பிரேசிலை நாடியிருந்த சீனா, அவ்வாண்டு முடிவதற்குள் 12 மில்லியன் டன்னும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 25 மில்லியன் டன்னும் வாங்க ஒப்புக்கொண்டதாக வெள்ளை மாளிகை அறிவித்தது. ஃபென்டனில் போதைப்பொருளைக் காரணம் காட்டி விதித்த 20 விழுக்காட்டு வரியை அமெரிக்கா 10 ஆகக் குறைத்தது. சீனத் தொடர்புடைய கப்பல்களுக்கு விதித்த துறைமுகக் கட்டணமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

வணிகம் நிற்காவிட்டாலும் பாதை மாறியது. 2023ல் அமெரிக்காவுக்கு அதிகம் விற்கும் நாடு என்ற இடத்தைச் சீனாவிடமிருந்து மெக்சிகோ எடுத்துக்கொண்டது. சீனாவோ அமெரிக்காவில் இழந்ததைத் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஈடுகட்டியது. 2025ல் அதன் ஒட்டுமொத்த வர்த்தக உபரி முதன்முறையாக 1 டிரில்லியன் டாலரைத் தாண்டியது. அமெரிக்காவுக்குள் நேராகப் போகாத சரக்கு வேறு நாட்டைச் சுற்றிப் போகிறது என்ற சந்தேகம் இதிலிருந்துதான் கிளம்பியது. சிங்கப்பூர் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுவே.

சரக்கு ஓரிடம், இன்வாய்ஸ் ஓரிடம்

2024ல் சிங்கப்பூர்த் துறைமுகம் 20 அடிக் கணக்கில் 41 மில்லியனுக்கு மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றில் பெரும்பாலானவை இங்கே கப்பல் மட்டும் மாறி வேறு துறைமுகத்துக்குச் சென்றவை. நம் வெளிநாட்டு வணிகத்தின் மதிப்பு நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்குக்கு மேல். பிறருடைய பொருள் நம் வழியாகப் போவதால் வாழும் நாடு என்பதே இதன் பொருள்.

அப்படிப் போகும் பொருளின் சொந்த ஊர் எது? சீனாவில் தயாரான ஒரு நீரேற்றி ஜூரோங் கிடங்கில் இறங்குகிறது; புதுப் பெட்டிக்குள் வைத்து, சிங்கப்பூர் முகவரியுடன் லாஸ் ஏஞ்சலிசுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்கச் சுங்கத்துறைக்கு அது சீனப் பொருள்தான். ஜப்பானிய மோட்டார், மலேசிய உறை, சீன மின்சுற்றுப் பலகை ஆகியவற்றைத் துவாஸ் ஆலையில் ஒன்றிணைத்து, மென்பொருள் ஏற்றிச் சோதித்து, பெயரும் பயனும் வேறான ஓர் இயந்திரமாக மாற்றினால் அது சிங்கப்பூர்ப் பொருளாகலாம். இரண்டுக்கும் இடையிலான வரி வித்தியாசம் பல பத்து விழுக்காடு. வித்தியாசம் பெரிதாகும்போது பொய் சொல்லும் ஆசையும் பெரிதாகும், அதைப் பிடிக்க நினைப்பவரின் கண்டிப்பும் கூடும். வரியைத் தவிர்க்கச் சுற்றி அனுப்பப்பட்டதாகத் தெரியவரும் சரக்குக்கு 40 விழுக்காடு என்று 2025 ஜூலை இறுதியில் அமெரிக்கா தனி விகிதமே வகுத்தது.

ஆகவே, சுங்க அறிவிப்பில் உற்பத்தி நாடு என்ற ஒற்றைக் கட்டம் இன்று மிகுந்த எடை பெற்றுவிட்டது. முன்பு சரக்கு முகவர் ஒரு நிமிடத்தில் நிரப்பிய அந்த இடத்துக்குப் பின்னால் இப்போது பாகங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் கொள்முதல் ரசீது, ஆலையில் நடந்த வேலையின் பதிவு, மூலச் சான்றிதழ் ஆகிய எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று ஒரு பிரிவே உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் வணிக நிறுவனத்துக்கு உரிமையாளரின் இரவு நேரம்தான் அந்தப் பிரிவு. 10 விழுக்காட்டு வரியைவிட இந்தத் தாள் சுமையே சிறு நிறுவனங்களை அதிகம் வருத்துகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. வளர்ச்சிப் புள்ளிவிவரத்தில் அது தென்படுவதில்லை.

சில்லு விஷயத்தில் இன்னொரு திருகல். செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை வடிவமைக்கும் அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிங்கப்பூர்க் கணக்கில் பதிவானதைப் பார்த்து, அத்தனை சில்லுகளும் இங்கே வந்து வேறெங்கோ மறைகின்றன என்ற பேச்சு 2025 தொடக்கத்தில் எழுந்தது. விளக்கம் எளியது. பன்னாட்டு நிறுவனங்கள் பல, கொள்முதலுக்கான இன்வாய்சைச் சிங்கப்பூர் அலுவலகத்தின் பெயரில் போட்டுக்கொள்கின்றன. சரக்கோ நேராக வேறு நாடுகளின் தரவு நிலையங்களுக்குப் போகிறது. உண்மையில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை அந்நிறுவனத்தின் வருவாயில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அப்போதைய இரண்டாம் வர்த்தக, தொழில் அமைச்சர் டான் சீ லெங் பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதே மாத இறுதியில், இத்தகைய சில்லுகள் இருக்கக்கூடிய கணினி வழங்கிகள் (servers) யாருக்குப் போகின்றன என்பது குறித்து விற்பனையாளர்களை ஏமாற்றியதாக மூவர்மீது இங்கே குற்றஞ்சாட்டப்பட்டது.

இதில் சிங்கப்பூர் எடுத்துள்ள நிலை நுணுக்கமானது. பிற நாடுகள் தாமாக எழுதிக்கொண்ட ஏற்றுமதித் தடைகளை அமல்படுத்தும் கடமை நமக்கு இல்லை. ஆயுதத் தயாரிப்புக்குப் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நம் உத்திபூர்வப் பொருள்கள் சட்டமும் ஐநா தீர்மானங்களுமே நம்மைக் கட்டுப்படுத்தும். ஆனால் பொய் ஆவணம் காட்டி நம் பெயரைப் பயன்படுத்தினால் நம் சட்டத்தின் கீழேயே நடவடிக்கை உண்டு. இந்தக் கோட்டில் நடப்பது எளிதன்று. ஒரு பக்கம் நம் மிகப்பெரிய வர்த்தகப் பங்காளியான சீனா, மறுபக்கம் நம் மிகப்பெரிய முதலீட்டாளரான அமெரிக்கா.

முன்னுரைப்பு ஏன் மாறியது

ஏப்ரலில் அச்சமும் நவம்பரில் நிம்மதியும் ஏன் என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். முதலாவது, ஏப்ரல் 11ஆம் தேதியே திறன்பேசி, கணினி, சில்லு ஆகியவற்றுக்கு அமெரிக்கா விலக்கு அளித்துவிட்டது. நம் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று அடியிலிருந்து தப்பியது. இரண்டாவது, வரி ஏறுவதற்குள் வாங்கிக் குவித்துவிட இறக்குமதியாளர்கள் விரைந்ததால், அடுத்த ஆண்டின் வணிகத்தில் ஒரு பகுதி முன்னதாகவே நடந்தேறியது. மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கான தேவை எல்லாக் கணிப்புகளையும் தாண்டியது. இம்மூன்றில் எதுவும் வரி தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. முதலாவது ஒரு கையெழுத்தில் மாறலாம். இரண்டாவது கடன் வாங்கிய வளர்ச்சி. மூன்றாவதற்கும் வரிக்கும் தொடர்பில்லை. மருந்துக்கு 100 விழுக்காடு வரி என்று செப்டம்பரில் வந்த அறிவிப்பு, எந்த விலக்கையும் நிரந்தரமாக எண்ணக்கூடாது என்பதைக் காட்டியது.

வீட்டுக்குள் வரும் விளைவு

கடைவிலையில் இதன் தாக்கத்தைத் தேடுவோருக்கு அதிகம் கிடைக்காது. சிங்கப்பூர் வரி விதிக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போகாத சீனப் பொருள்கள் இந்த வட்டாரத்துக்குத் திரும்புவதால் சில விலைகள் இறங்கவும் கூடும். வட்டி விகிதத்தால் இயங்காமல் நாணய மதிப்பின் மூலம் கொள்கையை நடத்தும் சிங்கப்பூர் நாணய ஆணையம், 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்புக் கூடும் வேகத்தைத் தளர்த்தியது. விலைவாசியைவிட வளர்ச்சி குறித்தே அப்போது கவலை என்பதற்கு அது அடையாளம். தாக்கம் தெரியும் இடம் வேலைச் சந்தை: விரிவாக்கத்தைத் தள்ளிப்போடும் ஆலை, காலியிடத்தை நிரப்பாமல் விடும் கிடங்கு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்கும் தளவாட நிறுவனம். துணைப் பிரதமர் கான் கிம் யோங் தலைமையில் 2025 ஏப்ரலில் அமைக்கப்பட்ட பொருளியல் மீள்திறன் பணிக்குழுவின் வேலை, பெரும்பாலும் இந்தத் தயக்கத்தைக் குறைப்பதுதான்.

தேக்காவில் மட்டும் விளைவு பளிச்சென்று தெரிந்தது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் விலைப்பலகையில் 916 தங்கத்தின் கிராம் விலை ஏறிக்கொண்டே போனதற்கு இந்தப் பூசலும் ஒரு காரணம். 2022ல் உக்ரேன் போரையொட்டி ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பை மேற்கத்திய நாடுகள் முடக்கின. அதைக் கண்ட பல மத்திய வங்கிகள், எவரும் முடக்க முடியாத சேமிப்பாகத் தங்கத்தை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கத் தொடங்கின. வரிப் பூசல் டாலர்மீதான நம்பிக்கையை மேலும் அசைத்தது. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. மகளின் திருமணத்துக்கு நகை சேர்க்கும் குடும்பத்துக்கு வல்லரசுகளின் சண்டை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சிறியவர்கள் கட்டும் சுவர்

சிங்கப்பூர் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் பயனற்றவை அல்ல. 2005ல் புரூணை, சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் என நான்கு சிறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாடு, பின்னர் 12 நாடுகளின் பசிபிக் பங்காளித்துவமாக விரிந்தது. 2017 ஜனவரியில் டிரம்ப் அமெரிக்காவை அதிலிருந்து விலக்கியபோது பலரும் அதன் கதை முடிந்தது என்றனர். மீதமிருந்த 11 நாடுகள் அதைக் கைவிடவில்லை; 2018 இறுதியில் அது நடப்புக்கு வந்தது. 2024 டிசம்பரில் பிரிட்டன் சேர்ந்தது. சீனாவே 2021ல் விண்ணப்பித்தது. ஆசியானுடன் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த வட்டாரப் பொருளியல் பங்காளித்துவம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இந்தியா இவ்விரண்டிலும் இல்லை. நமக்கும் இந்தியாவுக்கும் 2005ல் செய்த இருதரப்பு உடன்பாடே பாலமாக நிற்கிறது. 50 விழுக்காட்டு அடிக்குப் பிறகு, வெளியில் நிற்பதன் விலையை இந்தியா மறுபடி எடைபோட வேண்டும்.

2025 செப்டம்பரில் சிங்கப்பூர், நியூசிலாந்து, ஐக்கிய அரபு சிற்றரசுகள், சுவிட்சர்லாந்து, ருவாண்டா உள்ளிட்ட 14 சிறிய, நடுத்தர நாடுகள் எதிர்கால முதலீடு, வர்த்தகப் பங்காளித்துவம் என்ற அணியைத் தொடங்கின. இந்த 14 நாடுகளும் சேர்ந்தாலும் அமெரிக்கச் சந்தைக்கோ சீனச் சந்தைக்கோ ஈடாகாது. காகிதமில்லாச் சுங்க ஆவணம், தடைபடாத விநியோகத் தொடர் போன்ற நடைமுறைகளில் ஒத்துழைத்து, பழைய விதிகளைத் தங்களுக்குள்ளேனும் உயிரோடு வைத்திருப்பதே அவற்றின் நோக்கம். அதற்கு இன்னும் இடமிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்ற விதியின் கீழ் நடக்கும் உலகச் சரக்கு வணிகத்தின் பங்கு 80 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 72க்குக் குறைந்திருப்பதாக உலக வர்த்தக நிறுவனம் 2025ல் கணக்கிட்டது. அந்நிறுவனம் இயங்கும் ஜெனீவாவில் சிங்கப்பூரின் பேராளர்கள் பிடித்துவைக்கப் போராடுவது அந்த 72ஐ.